பாட்டியிடம் பேரைக் கேளுங்கள், ஸ்கேனரை அப்புறம் வாங்கலாம்

சென்னை வீடுகளில் பழைய ஆல்பம் கிடக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: பரண், கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டி, ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டு. பரணில் கத்திரி வெயிலின் சூடு, தரையோரத்தில் ஐப்பசி கார்த்திகை ஈரம், பீரோவுக்குள் ராமபாணப் பூச்சி. மூன்றுக்கும் தப்பியது போகிக்கு முந்தின வாரம் பழைய பேப்பர்காரரின் சாக்குக்குப் போகும். 2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளத்தில் கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீடுகளில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் போயின. பிறகு புதிதாக வாங்கிக்கொண்டார்கள். ஆல்பத்தை எங்கே வாங்குவது?

அந்தப் பயத்தில்தான் பலரும் ஸ்கேனர் விலை பார்க்க ஆரம்பிக்கிறார்கள். ஆனால் வேலையை அங்கே தொடங்கக் கூடாது. மங்கிய படத்தை இன்னும் ஐந்து வருஷம் கழித்தும் ஸ்கேன் செய்யலாம். இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். பின்வரிசையில் தலைப்பாகையோடு நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் ஒருவரோ இருவரோ, அவர்களுக்கும் எண்பது தாண்டியிருக்கும். பேர் தெரியாமல் போன படம் யார் வீட்டுப் படமாகவும் ஆகிவிடும். அதனால் வரிசை இது: முதலில் பேர், பிறகு படம், அதன் பின் கேசட்டும் வீடியோவும்.

பேர் கேட்கும் வேலை

ஆல்பத்தைக் கொண்டுபோய்ப் பாட்டியின் மடியில் வைக்காதீர்கள். கண்புரை இருந்தால் போஸ்ட்கார்டு அளவுப் படத்தில் முகமே தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் சுமாராக ஒரு படம் எடுங்கள். இது பேர் கேட்பதற்கு மட்டும், தரம் முக்கியமில்லை. அதை டிவியிலோ டேப்லெட்டிலோ பெரிதாக்கிக் காட்டுங்கள். ஆல்பத்துக்கு ஓர் எண், பக்கத்துக்கு ஓர் எண், பக்கத்தில் உள்ள படத்துக்கு ஓர் எண். மூன்றாவது ஆல்பத்தில் 12ஆம் பக்கத்தில் இரண்டாவது படம் என்றால் 3-12-2. எண்ணைப் படத்தின் மேல் எழுத வேண்டாம். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் போதும்.

இன்னொரு போனில் குரலைப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்தாமல் பதிந்தால் குரலுக்குப் பதில் காற்றுதான் கேட்கும். போனை வெறும் மேஜையில் வைத்தால் தட்டுகிற, நகர்த்துகிற சத்தமெல்லாம் ஏறும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். ஏரோபிளேன் மோடில் போட மறந்தால் நடுவில் யாராவது கூப்பிட்டுப் பதிவு நின்றுபோகும். காலை டிபனுக்குப் பிறகு அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிஷம். அதற்கு மேல் போனால் அலுப்பில் "யாரோ" என்று பதில் வர ஆரம்பிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் எண்ணை நீங்களே உரக்கச் சொல்லுங்கள்: "மூணு, பன்னெண்டு, ரெண்டு. பின்வரிசை, இடமிருந்து வலம்." இதைச் சொல்லாமல் விட்ட பதிவு, "இவன்தான் அவன், பக்கத்துல நிக்கறது அவன் தம்பி" என்று ஒரு மணி நேரம் ஓடும். ஆறு மாதம் கழித்து யாருக்கும் உதவாது.

"இது யாரு?" என்ற கேள்வி சீக்கிரம் தீர்ந்துவிடும். "இந்தப் புடவை யாரோடது?", "இந்த அட்டிகை இப்ப யார்கிட்ட இருக்கு?", "இது எந்த வீட்டுத் திண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மறந்தவர்களுக்கும் நகையும் வீடும் மறப்பதில்லை. இரண்டு பெரியவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் சண்டை வரும். வரட்டும். இருவர் சொன்னதையும் எழுதி, யார் எதைச் சொன்னார் என்றும் குறித்துவிடுங்கள். தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

எழுதும்போது உறவுமுறையை மட்டும் நம்பக் கூடாது. "ராஜு மாமா" என்று எழுதினால் எழுதியவருக்கு மட்டும்தான் அவர் மாமா. அவர் பிள்ளைக்கு அப்பா, உங்கள் பிள்ளைக்குத் தாத்தா, உங்கள் பெரியப்பா பெண்ணுக்கு அவர் ஒன்றுமே இல்லை. பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற வீடுகளில் ஒரே பேரில் மூன்று பேர் இருப்பார்கள். எனவே ஒவ்வொருவருக்கும் இனிஷியலோடு முழுப்பேர், வீட்டில் கூப்பிட்ட பேர், சொந்த ஊர், தெரிந்தால் பிறந்த வருஷம், இன்னாருடைய மகன் அல்லது மகள் என்ற வரி. பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தின இனிஷியல், பிந்தின இனிஷியல் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் இருக்கும் பெண்ணும் கல்யாணப் படத்தில் இருக்கும் பெண்ணும் ஒருவரே என்று தெரியாமல் போகும்.

வருஷம் கண்டுபிடிக்க

கல்யாணப் பத்திரிகை இருந்தால் பாதி வேலை முடிந்தது; ஆனால் அதில் பலசமயம் தமிழ் வருஷம் மட்டும்தான் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்பி வரும் என்பதால் "சோபகிருது வருஷம்" என்றால் 1963-64ஆகவும் இருக்கலாம், 2023-24ஆகவும் இருக்கலாம். காகிதத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். தப்பு நடப்பது வேறிடத்தில். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், சோபகிருது வருஷம் தை மாதக் கல்யாணம் 1964இல் நடந்தது. 1963 என்று போட்டுவிடுவார்கள். தை, மாசி, பங்குனிக்கும், மார்கழியின் கடைசி இரண்டு வாரத்துக்கும் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தேதியும் இல்லை, தமிழ் வருஷமும் இல்லை என்றால் கடிதம், பில், படத்தின் பின்பக்க ஸ்டூடியோ முத்திரை ஆகியவற்றில் முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல்தான் வந்தது. "600 004" என்று இருந்தால் அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். "சென்னை-4" என்று மட்டும் இருப்பதை வைத்து முந்தியது என்று முடிவு செய்ய முடியாது, அப்படி எழுதுகிற பழக்கம் இன்றும் போகவில்லை. "மதராஸ் மாநிலம்" என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தியது. லை, னை, ணை எழுத்துகள் பழைய கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். சில அச்சகங்கள் பழைய அச்செழுத்தைப் பிறகும் வைத்திருந்தன என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

படத்தைப் பிரிக்கலாமா

கறுப்புத் தாளில் மூலை ஒட்டிச் செருகிய ஆல்பம்தான் இருப்பதிலேயே நல்லது. மூலையிலிருந்து மெதுவாக உருவி, ஸ்கேன் செய்து, அதே இடத்தில் திரும்பச் செருகலாம். பின்பக்கத்தில் முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பல வீடுகளில் பேரும் தேதியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எண்பது, தொண்ணூறுகளில் வந்த பசை ஆல்பம்தான் எமன். தடித்த அட்டையில் கோடு கோடாகப் பசை, மேலே பிளாஸ்டிக் தாள். அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகி, படத்தைக் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் மூலையைத் தூக்கி இழுத்தால் படம் வளையும், மேல் படலம் வெடிக்கும், வெடித்த கோடு முகத்தின் மேல்தான் போகும். பல் இடுக்கில் விடும் மெழுகில்லாத நூலை ஒரு முழம் எடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். அசையவில்லை என்றால் அட்டையின் பின்பக்கத்தில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் அரை நிமிஷம் காட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்வதே போதும்.

பூஜை அறையிலோ கூடத்திலோ சந்தன மாலையோடு மாட்டியிருக்கும் தாத்தா படத்தை இறக்குவதற்கு முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அமாவாசையும் திதியும் வேண்டாம் என்பார்கள். கண்ணாடியில் படிந்த விளக்குப் புகையையும் குங்குமத்தையும் துடைக்க, தண்ணீரைத் துணியில் தெளித்து அந்தத் துணியால் துடையுங்கள். கண்ணாடி மேல் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எண்ணெய் பட்டது போன்ற திட்டுகளாகத் தெரியும். அப்படி ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது. படத்தின் மேல் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்.

ஸ்கேனர், போன், இரண்டின் கணக்கு

டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதுதான் இங்கே எல்லாரும் குழம்புகிற இடம். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1050க்கு 1500 புள்ளிகள், ஒன்றரை மெகாபிக்சல்தான். டிவியில் போட்டாலே இழுத்த மாதிரி இருக்கும். 600 டிபிஐயில் 2100க்கு 3000, ஆறு மெகாபிக்சலுக்கு மேல். சாதாரணப் பிரிண்டுக்கு 600 போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும். விதிவிலக்கு இரண்டு: பாஸ்போர்ட் அளவுப் படங்கள், நாற்பது ஐம்பது பேர் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைக் குரூப் போட்டோக்கள். பெரிய நெகட்டிவில் எடுத்த அந்தக் குரூப் படங்களில் மிளகு அளவு முகத்திலும் விவரம் இருக்கும், 1200 வையுங்கள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 2400 முதல் 3200 வரை.

நெகட்டிவ் சுருள் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்ட்களில் நீலச்சாயம் முதலில் மங்கி எல்லார் முகமும் செங்கல் நிறமாகியிருக்கும். அதே படத்தின் நெகட்டிவ் பெரும்பாலும் பிரிண்டைவிட நன்றாக இருக்கும்.

வீட்டில் இருக்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் ஸ்கேனர் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டிப் படுத்திருக்கும் படத்தை நன்றாக எடுக்கும். சுருண்ட படம், தடித்த அட்டையில் ஒட்டிய படம் என்றால் தூக்கி நிற்கிற பகுதி மங்கிவிடும். அதற்கும் நெகட்டிவுக்கும் சிசிடி வகை வேண்டும், மூடியில் விளக்கு உள்ளதாக. எப்சன் வி600 அந்த ரகம். எல்லா வீட்டுக்கும் இது தேவையில்லை. நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கி, சுற்றில் விட்டு, முடிந்ததும் விற்றுவிடுவது புத்திசாலித்தனம். தாளை இழுத்து விழுங்கும் ஃபீடர் உள்ள ஸ்கேனரில் பழைய படத்தை ஒருபோதும் விடக் கூடாது. கடையில் கொடுத்தாலும் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஏ4 கண்ணாடியில் மூன்றரைக்கு ஐந்து படம் நான்கு அடங்கும். நான்குக்கு ஆறு படம் மூன்றுதான்: இரண்டு நிமிர்ந்து, ஒன்று படுத்து. நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால் மென்பொருள் தானே வெட்டித் தரும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பு நிறம், கறை, பேனா மை ஆகியவற்றைப் பிறகு பிரித்துப் பார்க்க அது வேண்டும். மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவில் வைத்தால் ஒரு படம் 19 மெகாபைட் அளவு வரும். இடம் இல்லையென்றால் 95 தரத்தில் ஜேபெக், அதுவே போதும்.

"ஆட்டோ" என்று தொடங்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், முக்கியமாகத் தூசி நீக்கும் வசதியை. தூசி எது, மூக்குத்தி எது என்று அதற்குத் தெரியாது. ஏஐ கொண்டு முகத்தைத் தெளிவாக்குவதும் இதே கதைதான்: இல்லாத கண்ணையும் பல்லையும் ஊகித்து வரைந்து, பாட்டிக்குத் தூரத்துச் சொந்தக்காரி மாதிரி ஒருத்தியைக் கொடுக்கும். ஆசைக்குச் செய்துகொள்ளலாம். பிரதியில் செய்து, "திருத்தியது" என்று எழுதி, தனிக் கோப்புறையில் வையுங்கள்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் போனிலேயே எடுக்கலாம். கவனமாக எடுத்தால் மோசமான ஸ்கேனைவிட நன்றாக வரும். நேர் வெயில் படாத ஜன்னலோரம், காலை பத்து மணி வெளிச்சம், டியூப்லைட் அணைத்து, ஃபேன் நிறுத்தி. படத்தைத் தரையில் வைத்து, போனை இரண்டு அடுக்குப் புத்தகத்தின் மேல் பாலம் போல வைத்தால் கை நடுக்கம் இல்லை. போனில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அகல லென்ஸில் ஓரத்து முகங்கள் இழுபடும். பளபளப்பான படத்தில் உங்கள் வெள்ளைச் சட்டையே பிரதிபலிக்கும், அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பு அப்போதும் தீரவில்லை என்றால் கூகுளின் போட்டோஸ்கேன் செயலி பல கோணங்களில் எடுத்து அதை நீக்கித் தரும். ஆனால் கூர்மை கொஞ்சம் குறையும்.

ஏசி அறையில் இருந்த ஆல்பத்தையோ ஸ்கேனரையோ நேரே கூடத்துக்குக் கொண்டுவந்து திறக்காதீர்கள். சென்னைக் காற்றில் உடனே பனித்திவலை படியும். மூடியபடியே அரை மணி இருக்கட்டும். ஸ்கேன் வேலையை மழைக்கால ஈரம் அடங்கியதும், பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

கேசட்

பாட்டியின் நலங்குப் பாட்டு, துபாயிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கடிதக் கேசட், குழந்தையின் மழலை. இவை உலகத்தில் ஒரே பிரதி. கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டுகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம், கையால் பேர் எழுதியவற்றை மட்டும் எடுங்கள்.

முதல் வேலை, கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுவது. அது இருக்கும் வரை தப்பான பொத்தானை அழுத்தினால் மேலே பதிந்துவிடும். அப்படிப் போன குரல்கள் ஏராளம். பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், வருஷக்கணக்கில் இறுகிய டேப் தளரும். உள்ளே டேப்பை ஹெட்டோடு, அதாவது அதைப் படிக்கும் பாகத்தோடு, அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் வந்து வந்து போகும். நல்ல கேசட்டின் கூட்டுக்குள் டேப்பை மாற்றிவிடலாம். அறுந்ததை செலோ டேப்பால் ஒட்டாதீர்கள், பசை கசிந்து ஹெட்டில் ஏறும். இதற்கென்றே ஒட்டு டேப் உண்டு.

யூஎஸ்பி வாக்மேன் என்று ஆன்லைனில் விற்கும் மலிவுப் பொருளை வாங்காதீர்கள். வேகம் தள்ளாடும், குரல் அலையும். சொந்தக்காரர் வீட்டில் தூங்கும் பழைய டெக் ஒன்றைக் கேட்டு வாங்கி, பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்தால் அது பல மடங்கு மேல். கேபிளும் யூஎஸ்பி சவுண்ட் கார்டும் ரிச்சி தெருவில் கிடைக்கும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன் இன்னுக்கு. லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் சத்தம் மிஞ்சிப் பிளந்துவிடும்.

கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும், இலவசம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம்; உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். 90 நிமிஷக் கேசட் ஒன்றரை ஜிபி வரும், எடுக்கவும் 90 நிமிஷமே ஆகும், குறுக்குவழி கிடையாது. "ஸ", "ச" ஒலிகள் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பிப் பாருங்கள்; பதிந்த மெஷினின் ஹெட் சாய்வும் இதன் சாய்வும் ஒத்துப்போகும் இடத்தில் ஒலி சட்டென்று திறக்கும். குரல் கீச்சென்று வேகமாக ஓடினால், பதிந்த அன்று பேட்டரி இறங்கியிருந்தது என்று அர்த்தம். கரண்டில் ஓடிய ரெக்கார்டர் சரியான வேகத்தில் இல்லாதிருந்தால் ஒரு வழி இருக்கிறது: பின்னணி இரைச்சலில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒளிந்திருக்கும். அது 53 என்று காட்டினால் அந்த விகிதத்தில் வேகத்தைக் குறைக்கலாம். இரைச்சல் நீக்குவது, வேகம் திருத்துவது எல்லாம் பிரதியில்தான்.

கல்யாண வீடியோ

விஎச்எஸ் கேசட்டின் ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. எந்த டெக்கிலும் போடக் கூடாது, ஹெட்டைக் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நல்ல கேசட்டை அதிகம் தள்ளிப்போடாதீர்கள். கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. இருக்கிற மெஷின்கள்தான் மிச்சம்.

கடையில் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறையில் எடுக்க வேண்டும், 720க்கு 576 அளவு, நடுவே எந்தப் பாட்டும் டைட்டிலும் சேர்க்கக் கூடாது. டிவிடியாக வேண்டாம், பென்டிரைவில் கோப்பாகக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் என்டிஎஸ்சி (NTSC) என்ற அந்த ஊர் முறையில் இருக்கும், அதைத் தனியே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து விசிடியில் வந்த கல்யாணங்கள் விஎச்எஸ்ஸைவிட ஆபத்தில் இருக்கின்றன. கணினியில் பதிந்த சிடியின் சாயப் படலம் சூட்டில் கெடும், கெட்டது வெளியே தெரியாது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும், எனவே இரண்டு மூன்றில் முயலுங்கள். உள்ளே .dat என்று முடியும் கோப்பை விஎல்சி பிளேயர் திறக்கும்.

சமையல் நோட்டு, கோல நோட்டு, கணினியில் தூங்கும் பத்திரிகை

கையெழுத்துச் சமையல் நோட்டைப் படமெடுத்தால் மட்டும் போதாது. "ஆழாக்கு", "உழக்கு", "பலம்", "வீசை" எல்லாவற்றையும் இன்றைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பலம் என்றால் சுமார் 35 கிராம், வீசை சுமார் 1.4 கிலோ, இது சிக்கலில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்ற கணக்கும் சரிதான். ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படியும் மற்ற ஊர்ப் படியும் ஒன்றல்ல. இணையத்தில் கிடைக்கும் பட்டியலைப் பார்த்து மாற்றினால் மைசூர்பாகு கல்லாகும். அந்த நோட்டை எழுதியவர் பயன்படுத்திய ஆழாக்கு சமையலறையில் எங்கேயோ கிடக்கும். அதைத் தேடி எடுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைச் சமையல் தராசில் நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யும் மென்பொருள்கள் பழைய தமிழ்க் கையெழுத்தில் தடுமாறுகின்றன. நோட்டைப் பார்த்து ஒருவர் வாசிக்க, போனின் தமிழ்க் குரல் தட்டச்சு எழுதிக்கொள்ளட்டும். பிறகு திருத்துவது சுலபம். "பதமாக வந்ததும்" என்ற இடம் வரும்போது நிறுத்தி, பதம் என்றால் கையில் எப்படி இருக்கும் என்று கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள்.

கோல நோட்டில் 15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி என்று இருக்கும்; சிக்குக் கோலத்தில் இழை எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்பது தாளில் இருக்காது. மேலேயிருந்து வீடியோ எடுங்கள், மாவு போடும் கையின் எதிர்ப்பக்கத்தில் நின்று. இல்லாவிட்டால் கைதான் தெரியும்.

பழைய கணினியில் கிடக்கும் பத்திரிகை, அழைப்பிதழ், தாத்தா தட்டச்சு செய்த குடும்ப வரலாறு ஆகியவற்றைத் திறந்தால் குப்பை எழுத்தாக வருகிறதா? கோப்பு கெடவில்லை. பாமினி, டேப், டாம், டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்தது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, இன்று எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோடாக மாற்றலாம். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயலுங்கள். தமிழ் வந்தால் அதுதான்.

எங்கே, எந்தப் பேரில்

கோப்புக்குப் பேர் எண்ணாகவே இருக்கட்டும்: வருஷம்-மாதம்-தேதி, பிறகு ஆல்பம்-பக்கம்-படம். 1964-02-00-3-12-2 என்றால் 1964 பிப்ரவரி, தேதி தெரியாது, மூன்றாவது ஆல்பம். இப்படி வைத்தால் கால வரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும். தமிழில் கோப்புப் பேர் வைத்தால் சில பழைய டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மனிதர்களின் பேரைப் படத்துக்குள்ளேயே பதிய டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் எழுதும் விவரம் படக் கோப்புக்குள் போகாது. பிறகு இறக்கும்போது தனிக் கோப்பாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், உள்ளே பதிந்த பேரும் உதிர்ந்துவிடும். முழுத் தரம் வேண்டுமென்றால் டாகுமென்டாக அனுப்புங்கள். குடும்பக் குழுவில் பகிர்வதற்கென்று தனிப் பிரதி எடுத்து, படத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டையில் பேர்களை எழுதிவிடுவது இன்னும் உறுதி. எத்தனை பேர் ஃபார்வேர்டு செய்தாலும் பேர் கூடவே போகும். ஜாதகம், பத்திரம், ஆதார் எல்லாம் அந்தக் குழுவுக்குப் போகவே கூடாது.

மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று இணையத்தில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில். வேளச்சேரியில் ஒன்று, பக்கத்துப் பள்ளிக்கரணையில் ஒன்று என்று வைத்தால் அது இரண்டு பிரதி ஆகாது. பென்டிரைவை நிரந்தர இடமாக நம்ப வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரையோரம் என்றால் டிஸ்கை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள், உப்புக் காற்று இணைப்பு முனைகளைத் தின்னும். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி, அது மின்னஞ்சலுக்கும் சேர்த்து. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அவர்கள் அழிக்கலாம் என்பதால், செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் குடும்பத்தில் ஒருவரின் பேரைச் சேர்த்துவிடுங்கள்.

டிஸ்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது இயக்கிப் பார்க்க வேண்டும், அதை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோடு டிஸ்கையும் அடுக்கிவிட்டு, விஜயதசமி அன்று எடுத்துச் செருகி, பத்துப் படமும் ஒரு கேசட்டும் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேன் முடிந்த அசல்களை அமிலமில்லாத உறையில் போட்டு, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரணும் வேண்டாம், தரையும் வேண்டாம். அந்துருண்டை அருகில் கூடாது, ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பழைய அச்சுப் புத்தகங்கள், இதழ்கள், துண்டறிக்கைகள் மிஞ்சினால் பேப்பர்காரருக்கு முன் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். 1994 முதல் அவர்கள் சேர்ப்பதே அந்த ரகம்தான்.

நனைந்துவிட்டால்

ஈரமான ஆல்பத்தை வெயிலில் விரிப்பது எல்லார் கையும் தானாகச் செய்யும் காரியம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரியாது. சேற்று நீர் பட்டிருந்தால் ஒரு தட்டில் சுத்தமான குளிர்ந்த நீர் ஊற்றி, படத்தை அதில் மூழ்கவிட்டு, மெதுவாக அசைத்து அலசுங்கள். முகப்பை விரலால் தேய்க்காதீர்கள். ஒட்டியவை நீருக்குள்ளேயே தானாகப் பிரிய நேரம் கொடுங்கள். பிறகு நிழலில், பருத்தித் துணி மேல், முகப்பு மேலே பார்க்க, ஒன்றின் மேல் ஒன்று படாமல். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்களுக்கு இது பொருந்தாது, நீரில் போட்டால் மை கரையும். அவற்றை அப்படியே காயவிடுங்கள். இரண்டு நாளில் முடிக்க முடியாத அளவு இருந்தால், நடுவே பட்டர் பேப்பர் வைத்துச் சின்னச் சின்னக் கட்டாக ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை வளராது, வெள்ளம் வடிந்து மூச்சு விட்ட பிறகு ஒவ்வொரு பையாக எடுத்துச் செய்யலாம். பை மேல் ஆல்பம் எண்ணை எழுத மறக்காதீர்கள்.